டீம் லீட் கவனத்துக்கு: ஒரே பாணி எல்லா வேலைக்கும் ஒத்துவராது

ஐடி கம்பெனிகளில் பெரும்பாலும் நன்றாகக் கோட் எழுதுகிறவரைத்தான் டீம் லீடாக ஆக்குகிறார்கள். ஆளை நடத்த அவருக்குத் தெரிந்ததெல்லாம் பழைய மேனேஜர் தன்னை நடத்திய விதம்தான். அதையே எட்டுப் பேருக்கும் ஒரே கரண்டியில் பரிமாறுவார். ஃபிரெஷர் கேட்க ஆளில்லாமல் தவிப்பார். பத்து வருட அனுபவம் உள்ளவர் மூச்சுமுட்டிப் பேப்பர் போடுவார்.

பால் ஹெர்சியும் கென் பிளாஞ்சர்டும் 1969இல் முன்வைத்த சூழல்சார் தலைமை முறை இதற்குக் கைகொடுக்கும். ஆய்வுச் சான்று அவ்வளவு வலுவானதில்லை. ஆனாலும் யோசிக்க உதவும் சட்டகமாக அது தேறும். சொல்லிச் செய்யவைப்பது, காரணம் சொல்லி இணங்கவைப்பது, கூட நிற்பது, ஒப்படைத்து விலகுவது என நான்கு பாணிகள். எதை எடுப்பது என்பதை எதிரில் இருப்பவரின் தயார்நிலை முடிவு செய்யும்.

முதலில் ஒரு ஷீட் போடுங்கள். வரிசைகளில் பெயர்கள், பத்திகளில் வேலைகள்: கோடிங், டேட்டாபேஸ் மாற்றம், டெப்ளாய்மென்ட் (முடித்த கோடைப் பயன்பாட்டுக்கு ஏற்றுவது), கிளையன்ட் கால். ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு கேள்விகள். இதைத் தனியாக முடித்திருக்கிறாரா? இப்போது செய்ய மனமும் தைரியமும் இருக்கிறதா? ஆளுக்கு ஒரே மதிப்பெண் போட்டால் ஷீட்டே வீண். ஜாவாவில் பழம் தின்று கொட்டை போட்டவரும் குபெர்னடிஸில் (சர்வர்களில் அப்ளிகேஷன்களை நிர்வகிக்கும் கருவி) ஃபிரெஷர்தான். “சீனியர்தானே, பார்த்துக்குவார்” என்று விட்டால் அவர் கௌரவம் பார்த்துக் கேட்கமாட்டார். மூன்று ஸ்டாண்ட்-அப்பில் (டீமின் தினசரி சிறு மீட்டிங்) தொடர்ந்து “90 பர்சென்ட் முடிஞ்சிடுச்சு” என்று வந்தால், உள்ளே சிக்கிக்கொண்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புதியவரிடம் என்ன, எங்கே, எப்போதுக்குள் என்று சொல்லிவிட்டு, அவர் வாயாலேயே திரும்பச் சொல்லவையுங்கள். காலை 11, மாலை 4 என நேரம் குறித்து, பத்து நிமிடம் பார்த்தால் போதும். இதையே அவர் கற்றுக்கொண்ட பிறகும் நீட்டினால் மைக்ரோமேனேஜ்மென்ட் ஆகிவிடும். கொஞ்சம் தெரிந்து, கஷ்டம் புரிந்து, உற்சாகம் வடிந்தவருக்கு ஏன் இப்படிச் செய்கிறோம் என்ற காரணம் வேண்டும். அவர் வழியை முதலில் கேளுங்கள், முடிவு உங்களுடையது.

திறமை இருந்தும் தயங்குகிறவருக்குப் பதில் சொல்லாதீர்கள், கேள்வி கேளுங்கள். டெமோவை அவரே கொடுக்கட்டும். நீங்கள் மியூட்டில் இருங்கள். அவர் ஐந்து நொடி தடுமாறியதும் அன்மியூட் பண்ணத் துடிக்கும் விரலை அடக்குவதுதான் இதில் கஷ்டமான பகுதி.

ஒப்படைப்பதில்தான் அதிகம் சொதப்புகிறார்கள். நான்கு விஷயங்களை எழுத்தில் கொடுங்கள்: எதிர்பார்க்கும் விளைவு, தேதி, அவரே முடிவெடுக்கக்கூடிய எல்லை, எந்த நிலையில் உங்களிடம் வர வேண்டும் என்பது. மெர்ஜ் அனுமதி (எழுதிய கோடை முதன்மைக் கோடோடு சேர்க்கும் அதிகாரம்) உங்கள் கையிலேயே இருந்தால் நீங்கள் வேலையை மட்டும் தள்ளிவிட்டீர்கள், பொறுப்பைத் தரவில்லை. இரவு பத்து மணிக்கு “ஒரு சின்ன அப்டேட்?” என்று சாட்டில் தட்டுவதும் அதே ரகம்.

ப்ரொடக்‌ஷன் (வாடிக்கையாளர்கள் நேரடியாகப் பயன்படுத்தும் சிஸ்டம்) படுத்துவிட்டால் ஷீட்டை மூடிவைத்து, கட்டளைப் பாணிக்கு மாறுங்கள். 1970களில் கலிபோர்னியாவின் காட்டுத்தீயைச் சமாளிக்க உருவான கட்டளை முறையைத்தான் கூகுள் உள்ளிட்ட கம்பெனிகள் தங்களுக்கேற்ப மாற்றி எடுத்துக்கொண்டன. ஒருவர் வழிநடத்துவார், அவர் கீபோர்டைத் தொடக்கூடாது. இன்னொருவர் சரிசெய்வார். மூன்றாமவர் 30 நிமிடத்துக்கு ஒருமுறை கிளையன்டுக்குத் தகவல் தருவார். பிரிட்ஜ் காலில் (எல்லோரும் சேரும் அவசர கான்ஃபரன்ஸ் கால்) “யாராவது லாக் பாருங்க” என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள். பெயர் சொல்லிக் கேளுங்கள். புது டெப்ளாய்மென்ட்டுக்குப் பிறகு உடைந்ததென்றால், பாதுகாப்பாக முடியும் பட்சத்தில் முதலில் ரோல்பேக் (பழைய வெர்ஷனுக்குத் திரும்புவது), காரணம் பிறகு. சரியானதும் “இன்சிடென்ட் முடிந்தது” என்று வாய்விட்டு அறிவியுங்கள். அந்த அதிகாரக் குரல் சிலருக்குப் பிடித்துப்போய், மறுநாள் ஸ்டாண்ட்-அப்பிலும் தொடர்கிறது.

நம் டீம்களில் இன்னொரு சிக்கல், “ஓகே சார்”. அது சம்மதமாகவும் இருக்கலாம், புரியவில்லை என்பதாகவும் இருக்கலாம். “டவுட் இருக்கா?” என்று கேட்டால் அமைதிதான் பதில். “இதில் எது முதலில் உடையும்?” என்று ஜூனியரிலிருந்து ஆரம்பித்துக் கேளுங்கள், உங்கள் கருத்தைக் கடைசியில் சொல்லுங்கள்.

ஒப்படைத்த வேலை சறுக்கினால் ஒரு படி மட்டும் பின்வாங்குங்கள்: ஒப்படைப்பிலிருந்து கூட நிற்பதற்கு. நேராகக் கட்டளைக்கு இறங்கினால் அவர் அடுத்த தடவை பிரச்சினையை மறைப்பார். “இந்த டெப்ளாய்மென்ட்டுக்கு மட்டும் நான் கூட இருக்கேன், மத்ததெல்லாம் உங்க கையிலதான்” என்று ஒன்-ஆன்-ஒன்னில் தனியாகச் சொல்லுங்கள். இரண்டு ஸ்பிரின்ட் (டீமின் குறுகிய வேலைச் சுற்று) கழித்து ஷீட்டில் அந்தக் கட்டத்தை மறுபடி பாருங்கள்.