முன்பணம் கட்டும் முன் பானெட்டைத் திறக்கச் சொல்லுங்கள்

ஷோரூமில் முதலில் காட்டுவது பெரிய திரையைத்தான். காட்டட்டும். நீங்கள் பானெட்டைத் திறக்கச் சொல்லுங்கள். ஒர்க்ஷாப் நடத்துகிறவன் சொல்கிறேன், வண்டியின் குணம் பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

ஹெட்லைட்டின் பின்பக்கம் கையை விட்டுப் பாருங்கள். ரப்பர் மூடி விரலுக்கு எட்டினால் ஹெச்4 என்கிற ஹாலஜன் பல்பை நீங்களே மாற்றிக்கொள்ளலாம். சாக்கெட்டைப் பிடுங்கி, ரப்பரை உரித்து, கம்பிக் கிளிப்பை அழுத்தி விலக்கினால் பல்பு கையோடு வந்துவிடும். புது பல்பின் கண்ணாடியில் மட்டும் விரல் படக் கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய இடம் அதிகம் சூடாகி, பல்பு சீக்கிரம் போய்விடும். இதே வேலைக்குச் சில வண்டிகளில் பம்பரையே கழற்ற வேண்டியிருக்கிறது. வடிவமைத்தவர் ஒருநாளாவது பல்பு மாற்றியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்தான். எல்இடி என்றால் பெரும்பாலும் முழு விளக்கையும் மாற்ற வேண்டிவரும். அதன் விலையை விற்பனையாளரிடம் கேட்காதீர்கள். உதிரிபாகப் பிரிவில் கேளுங்கள். முன்கண்ணாடி விலையையும் சேர்த்தே கேளுங்கள். கண்ணாடியின் உள்பக்கம் கேமரா இருந்தால், கண்ணாடி மாற்றியதும் அதன் பார்வையை மறுபடி சரிசெய்ய வேண்டும். அதற்குத் தனிக் கூலி உண்டா என்றும் விசாரியுங்கள்.

ஆயில் அளவு பார்க்கும் கம்பி இருக்கிறதா? சில வண்டிகளில் திரைதான் அளவு சொல்லும். எனக்குக் கம்பிதான் வேண்டும். நிறமும் பிசுபிசுப்பும் திரையில் தெரியாது.

டிக்கியில் ஸ்டெப்னியைத் தேடுங்கள். 2020இல் நம் நாட்டு மோட்டார் வாகன விதி திருத்தப்பட்ட பிறகு, டியூப்லெஸ் டயரோடு காற்றழுத்தக் கண்காணிப்பும் பஞ்சர் கிட்டும் இருக்கும் காருக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. ஆணி ஏறினால் கிட் சமாளிக்கும். டயரின் பக்கவாட்டில் கிழிந்தால் கிட்டில் இருக்கும் பசை உதவாது.

பிறகு, நிற்கும் வண்டியில் உட்கார்ந்து, சாலையைப் பார்த்தபடியே ஏசி காற்றைக் குறைத்து, கண்ணாடிப் புகைமூட்டத்தைப் போக்கும் பொத்தானை அழுத்துங்கள். 2022இல் ஸ்வீடனின் கார் இதழ் ஒன்று ஓடும் கார்களிலேயே இப்படிச் சோதித்தது. பொத்தான்கள் நிறைந்த 2005ஆம் ஆண்டு வால்வோ வி70இல் நான்கு வேலைகள் பத்து நொடியில் முடிந்தன. திரையை நம்பிய எம்ஜி மார்வெல் ஆர் 44.9 நொடி எடுத்தது; 110 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் கார் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் ஓடிவிடும்.

கதவு மின்பொத்தானில் திறப்பதாக இருந்தால், பேட்டரி போனால் உள்ளிருந்து எதை இழுத்துத் திறப்பது என்று செய்துகாட்டச் சொல்லுங்கள். பின்கதவுகளுக்கும் சேர்த்து.