ஆஸ்ட்ரோ தரைக்கு எந்த ஷூ? டர்பனில் சாஃப்ட்பால், பேஸ்பால் ஆடுபவர்களுக்கு

ஷூ கடைக்குப் போகுமுன் மைதானத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம் அரங்கில் 1966இல் விரித்த புல்லின் பெயர் ஒட்டிக்கொண்டதால், எல்லாச் செயற்கைப் புல்லையும் ‘ஆஸ்ட்ரோ’ என்றே சொல்லிவிடுகிறோம். தரையோ ஒன்றுபோல் ஒன்று இருக்காது.

ஆள்காட்டி விரலைப் புல்லுக்குள் குத்திப் பாருங்கள். விரல் இறங்கி, நகக்கண்ணில் கறுப்பு ரப்பர் துகள் ஏறினால் அது கால்பந்துக்கான 3ஜி (மூன்றாம் தலைமுறை) தரை. இழை 40 முதல் 60 மி.மீ. வரை இருக்கும். விரல் இறங்காமல் கம்பளத்தைத் தொட்டதுபோல் இருந்தால் ஹாக்கித் தரை. நீர் தெளித்து ஆடும் வகையில் இழை 10, 13 மி.மீ.தான், மணல் போட்டதில் கொஞ்சம் கூடுதல்.

ஹாக்கித் தரைக்கு டர்ஃப் ஷூ மட்டும்தான். சோல் முழுக்கச் சின்னச் சின்ன ரப்பர் குமிழ்கள் நெருக்கமாக இருக்கும் ஷூ அது. சோலின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் முளையான ஸ்டட், நீளமாக இருந்தால் இந்தத் தரைக்குள் இறங்காது. கூழாங்கல்மேல் நிற்பதுபோல் ஸ்டட் நுனியில் நிற்பீர்கள். முதல் பேஸைச் சுற்றும்போது கால் வாரிவிடும். 3ஜி தரையில் சிக்கல் நேர் எதிர். பிளாஸ்டிக் ஸ்டட் நன்றாகவே இறங்கும், சில சமயம் அளவுக்கு மீறி. உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது, முறுக்கு முழுதும் முழங்காலுக்குப் போகும். ஒரே ஜோடிதான் வாங்க முடியும் என்றால் டர்ஃப் ஷூவையே வாங்குங்கள். உலோக ஸ்பைக்ஸ் இழையை அறுத்துவிடும். அதைப் போட்டுக்கொண்டு எந்த ஆஸ்ட்ரோவிலும் காலை வைக்காதீர்கள்.

ஓட்டத்துக்கான டக்கீஸ் (ரன்னிங் ஷூ) போதாதா? போதாது. அதன் குதிகால் நுரை உயரம், நேராக ஓடுவதற்கென்றே செய்தது. பந்துக்காகப் பக்கவாட்டில் பாயும்போது கணுக்கால் மடங்கும்.

கையில் எடுத்த ஷூவைக் கடையிலேயே சோதித்துவிடலாம். ஒரு கையில் குதியையும் மறு கையில் முனையையும் பிடித்து மடக்குங்கள். விரல்கள் தொடங்கும் இடத்தில், சற்று முரண்டு பிடித்து மடிய வேண்டும். நடுப்பாதத்தில் மடிந்தால் திருப்பிக் கொடுங்கள். முன்பகுதி ரொட்டிபோல் சுருண்டாலும் வேண்டாம்; கால் தரையைப் பற்றி நிற்க உடம்பு முன்னே போகும்போது பெருவிரல் மூட்டு அளவுமீறி வளையும். ‘டர்ஃப் டோ’ என்ற காயம் அப்படித்தான் வருகிறது. பிறகு ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்குங்கள். எளிதில் முறுகக் கூடாது.

பேஸ்பால் ஷூ நம் மால்களில் அவ்வளவாகக் கிடைப்பதில்லை. மாற்று தேடுகிறவர்களுக்கு ஹாக்கி ஷூதான் முதல் தேர்வு: முனை தடித்தது, பக்கவாட்டுப் பிடிப்பு உண்டு. கால்பந்து டர்ஃப் ஷூவின் முனை பந்தை உணர்வதற்காக மெல்லியதாக இருக்கும். சாஃப்ட்பால் பிட்சருக்கு அது ஆகவே ஆகாது. வலக்கைப் பிட்சர் ஒவ்வொரு வீச்சிலும் வலக்கால் முனையைத் தரையில் இழுக்கிறார். அவருக்கு முனையில் ரப்பர் கவசம் வேண்டும், வலை துணி வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் எண்ணில் ஏமாறாதீர்கள். இங்கே பெட்டியில் இருப்பது யூகே எண். யூகே 7 போடுபவருக்கு அமெரிக்க ஆண்கள் அளவில் 8, பெண்கள் அளவில் சுமார் 9.5 வரும். பிராண்டுக்குப் பிராண்டு அரை எண் மாறும். சென்டிமீட்டரை நம்புங்கள். மாலையில், ஆடும்போது போடும் சாக்ஸோடு தாள்மேல் நின்று, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இரு பாதங்களையும் வரையுங்கள். பெரிய பாதம்தான் கணக்கு. நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு 8, 10 மி.மீ. இடம் போதும், குதி மேலெழும்பக் கூடாது. பேஸ்பால் ஷூ பல ஒடுக்கமாகவே வரும். அகலப் பாதக்காரர்கள் நீளத்தைக் கூட்டி வாங்கினால் உள்ளே கால் வழுக்கி நகம் கறுக்கும். நியூ பேலன்ஸில் 2ஈ என்ற அகல அளவு உண்டு, அதைத் தேடுங்கள்.

தைப்பூசத்தில் காவடியோடு வெறுங்காலில் தார்ச்சாலையில் நடந்தவர்களுக்கு டர்பன் வெயிலைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆஸ்ட்ரோ அந்தத் தாரையும் மிஞ்சும். உச்சி வெயிலில் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மெல்லிய சோலில் பாதம் வேகும், பசையும் விட்டுப்போகும். சோலும் மேற்பகுதியும் சேரும் ஓரத்தில் பசையோடு தையலும் ஓடுகிறதா என்று பாருங்கள்.

ஆட்டம் முடிந்ததும் உள்சோலை உருவி ரப்பர் துகளைத் தட்டிவிட்டு, செய்தித்தாள் திணித்து நிழலில் உலர்த்துங்கள். இங்குள்ள புழுக்கத்தில் பைக்குள்ளேயே விட்டால் பூஞ்சை பிடிக்கும். காருக்குள் விட்டாலோ பசை இளகும். வலக்கை மட்டையாளருக்குப் பின்கால் வலது. சுழலும் அந்தப் பெருவிரலுக்குக் கீழேதான் குமிழ்கள் முதலில் வழுக்கையாகும். பாதி உயரத்துக்குத் தேய்ந்துவிட்டால் அந்த ஜோடி தோட்ட வேலைக்குப் போகட்டும்.