சின்ன டிரெய்லருக்குக் கார் வீல்: அடாப்டர் வைத்து மாட்டுவது எப்படி?

இரண்டு வருடம் முன்பு வீடு மாற்றியபோது, சாமான் ஏற்றிய டிரெய்லரின் டயர் நெடுஞ்சாலையில் வெடித்தது. கார் டிக்கியில் ஸ்டெப்னி இருந்தது. ஆனால் அதில் ஐந்து ஓட்டை, டிரெய்லரின் ஹப்பில் (அச்சு முனையில் வீல் மாட்டும் சுழலும் பகுதி) நான்கு ஸ்டட் (நட் திருகும் போல்ட்). ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 12 அங்குல டிரெய்லர் டயர் தேடி நான் அலைந்ததைச் சொன்னால் அதுவே ஒரு பதிவு ஆகிவிடும்.

நான் இருப்பது அமெரிக்காவில். என்னிடம் இருப்பது இங்கே பல வீட்டு வாசலில் பார்க்கக்கூடிய சாதாரண 4 அடிக்கு 8 அடி டிரெய்லர்: பிரேக் கிடையாது, ஒரே அச்சு, 4.80-12 டயர். இழுப்பது பழைய டொயோட்டா கேம்ரி, டயர் 205/65 ஆர் 15. டிரெய்லருக்கும் கார் வீலையே போட்டுவிட்டால் ஒரு ஸ்டெப்னி இரண்டுக்கும் ஆகும். இந்த வேலையில் எனக்குப் பிடித்த லாபம் இதுதான். இன்னொன்றும் உண்டு: மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அந்தச் சின்ன டயர் நிமிடத்துக்குச் சுமார் 1000 சுற்று சுற்றுகிறது, கார் டயர் சுமார் 820தான். பேரிங்குக்கு அந்த அளவு ஓய்வு.

ஆனால் டயர் பெரிதாகிவிட்டது என்று கூடுதல் சுமை ஏற்றக் கூடாது. அச்சு, ஸ்பிரிங், பேரிங் எல்லாம் பழையவைதான். அச்சில் ஒட்டியிருக்கும் தகட்டில் என்ன எடை போட்டிருக்கிறதோ, அதுவே இப்போதும் எல்லை.

அடாப்டர் வாங்கும் முன்

அடாப்டர் என்பது ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே வரும் தடித்த உலோக வட்டு. ஹப்பின் நான்கு ஸ்டட்டில் அது உட்காரும், அதன் ஐந்து ஸ்டட்டில் கார் வீல் உட்காரும். ஆனால் முதலில் ஹப்பையே மாற்ற முடியுமா என்று பாருங்கள். பேரிங்கைக் கழற்றி அதன் எண்ணைப் படியுங்கள். எல் 44643 அல்லது எல் 44649 என்று இருந்தால், அதே பேரிங் உட்காரும் ஐந்து ஸ்டட் ஹப் டிரெய்லர் பாகக் கடைகளில் சுலபமாகக் கிடைக்கும். ஹப் மாற்றுவதுதான் சுத்தமான வழி, இடையில் கூடுதல் பாகம் எதுவும் வராது. ஆனால் கார் வீலின் ஆஃப்செட்டால் (ஹப்போடு ஒட்டும் முகம் ரிம்மின் நடுவிலிருந்து தள்ளியிருக்கும் அளவு) டயர் உள்ளே நகர்ந்துவிடும். சட்டத்திலும் ஸ்பிரிங்கிலும் உரசாத அளவு இடம் இருந்தால் அதையே செய்யுங்கள். எனக்கு இடம் இல்லை. அதனால்தான் அடாப்டர்.

வேறு நாட்டில் இருந்து படிப்பவர்கள் தங்கள் ஊர் விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவில் ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே ஸ்பேசர் வைப்பதற்குப் பொதுவாக அனுமதி இல்லை.

அளவு எடுப்பது

ஸ்டட்களின் மையங்கள் வழியாக ஒரு வட்டம் வரைந்தால் அதன் விட்டம்தான் பிசிடி. நான்கு ஸ்டட் என்றால் எதிரெதிரே உள்ள இரண்டின் மையத்துக்கு நடுவே அளந்தால் போதும். அமெரிக்காவின் சின்ன டிரெய்லர்களில் பெரும்பாலும் 4 அங்குலம், அதாவது 101.6 மி.மீ. வரும். பல சின்னக் கார்களின் அளவு 100 மி.மீ. வித்தியாசம் 1.6 மி.மீ.தானே என்று தட்டி நுழைத்துவிடாதீர்கள். ஸ்டட் வளைந்த நிலையில் இறுகும், நட் பிறகு தளர்ந்துகொண்டே இருக்கும்.

ஐந்து ஓட்டையில் நேர் எதிரே இன்னொரு ஓட்டை கிடையாது. அடுத்தடுத்த இரண்டின் மையங்களுக்கு நடுவே அளந்து 1.7 ஆல் பெருக்குங்கள். எனக்கு 67 மி.மீ. சொச்சம் வந்தது. பெருக்கினால் 114, கேம்ரியின் 114.3 அதுதான்.

ஆஃப்செட்: இதை அவசரமாகப் படிக்காதீர்கள்

டிரெய்லர் வீலில் ஹப்போடு ஒட்டும் முகம் வழக்கமாக ரிம்மின் சரி நடுவில் இருக்கும், அதாவது ஆஃப்செட் பூஜ்யம். முன்சக்கரங்கள் இழுக்கும் கார்களில் அந்த முகம் நடுவிலிருந்து 40, 50 மி.மீ. வெளியே தள்ளியிருக்கும். அப்படிப்பட்ட வீலை டிரெய்லரில் நேராக மாட்டினால் டயர் அந்த அளவுக்கு உள்ளே போய்ச் சட்டத்தில் இடிக்கும்.

அடாப்டரின் தடிமன் வீலை வெளியே தள்ளும். எனவே ஆஃப்செட்டிலிருந்து தடிமனைக் கழியுங்கள். 45 மி.மீ. ஆஃப்செட், 2 அங்குல (51 மி.மீ.) அடாப்டர் என்றால் மிச்சம் கழித்தல் 6. பழைய இடத்திலிருந்து 6 மி.மீ. மட்டும் வெளியே. அடாப்டர் தடிமனாக இருந்தால் ஆபத்து என்று பலர் பயப்படுகிறார்கள். ஆனால் இங்கே தடிமன்தான் வீலைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருகிறது.

பழைய இடம் ஏன் முக்கியம்? ஹப்புக்குள் உள்பேரிங், வெளிப்பேரிங் என்று இரண்டு உண்டு. டயரின் நடுக்கோடு இந்த இரண்டுக்கும் இடையில் விழுந்தால் சுமையை இரண்டும் பகிர்ந்துகொள்ளும். ரொம்ப வெளியே போனால் அச்சு முனையில் நெம்புகோல் போட்ட மாதிரி ஆகி, வெளிப்பேரிங் சீக்கிரம் போய்விடும். பூஜ்ய ஆஃப்செட் வீலுக்கு 2 அங்குல அடாப்டர் போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

டயர் அகலத்தையும் கணக்கில் எடுங்கள். 4.80 டயரின் அகலம் 122 மி.மீ., புதியது 205. இரு பக்கமும் 41 மி.மீ. வீதம் கூடும். உள்பக்கம் அந்த 6 கழிந்து 35 மி.மீ. ஸ்பிரிங்கை நெருங்கும், வெளிப்பக்கம் 47 மி.மீ. நீளும். டயருக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே கடைசியில் விரல் இரண்டு நுழையும் இடமாவது மிஞ்ச வேண்டும் என்பது என் கணக்கு.

உயரமும் மாறும். டயரின் விட்டம் சுமார் 53 செ.மீ.யிலிருந்து 65 செ.மீ. ஆகிறது, டிரெய்லர் 6 செ.மீ. உயரும். டிரெய்லரை மாட்டும் காரின் பந்து பழைய உயரத்திலேயே இருந்தால் டிரெய்லர் முன்பக்கம் குனிந்து நிற்கும், பந்து பொருத்தும் கம்பியை மாற்ற வேண்டும். மட்கார்டு கிட்டத்தட்ட நிச்சயம் இடிக்கும். நான் ஒரு கோணத் துண்டு வெட்டி அதை 8 செ.மீ. மேலே தூக்கினேன்.

என்ன சொல்லி வாங்குவது?

உள்பக்கம் நான்கு ஓட்டை, 4 அங்குலப் பிசிடி, 1/2 அங்குல ஸ்டட், அங்குலத்துக்கு 20 மரை. வெளிப்பக்கம் ஐந்து ஸ்டட், 114.3, மரை 12×1.5 (12 மி.மீ. ஸ்டட், மரை இடைவெளி 1.5 மி.மீ.). வெளி மரை காரில் இருப்பதாகவே இருக்கட்டும், அப்போதுதான் ஸ்டெப்னி மாற்றும் இடத்தில் கார் நட்டே உதவும். உள் நட்டையும் வெளி நட்டையும் கலந்துவிடாதீர்கள். 1/2 அங்குல நட் 12 மி.மீ. ஸ்டட்டில் நுழைவது போல் நுழைந்து மரையைத் தின்றுவிடும்.

நட் உட்காரும் வடிவத்தையும் கவனியுங்கள். டொயோட்டாவின் அலாய் வீலுக்கு வாஷரோடு வரும் தட்டை நட், கடையில் பொதுவாக விற்பது 60 டிகிரி கூம்பு நட். வீலின் ஓட்டை எதைக் கேட்கிறதோ அதையே போடுங்கள்.

இரண்டு நீளத்தை ஸ்கேல் வைத்துப் பாருங்கள். ஹப் முகத்திலிருந்து பழைய ஸ்டட் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது, கிரீஸ் மூடி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது? இரண்டும் அடாப்டரின் தடிமனுக்குள் அடங்க வேண்டும். கேம்ரி வீலின் நடு ஓட்டை 60.1 மி.மீ.தான், கிரீஸ் மூடி மாட்டியிருக்கும் டிரெய்லரின் தடித்த ஹப் மூக்கு அதில் நுழையாது.

டயரில் எழுதியிருக்கும் சுமையை அப்படியே எடுக்காதீர்கள். கார் டயரை டிரெய்லரில் போட்டால் 1.1 ஆல் வகுக்க வேண்டும். சுமை எண் 94 என்றால் 670 கிலோ, வகுத்தால் 609.

மாட்டும் வேலை

சமதரையில், டிரெய்லரைக் காரோடு மாட்டியபடியே வைத்து, மறுபக்க வீலுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். வீல் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திவிட்டு, அப்புறம் ஜாக்கி. தூக்கியதும் ஸ்டாண்ட் வைத்துவிடுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பிக் கை விடாதீர்கள்.

வீலைக் கழற்றி ஹப்பைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்றால் பேரிங்கை முதலில் கவனியுங்கள். பிறகு ஹப் முகத்தைக் கம்பி பிரஷ் போட்டு உலோகம் தெரியும்வரை தேயுங்கள். துரு, பெயின்ட் எதுவும் இருக்கக் கூடாது. என் முதல் முயற்சியில் இதைத்தான் மேலோட்டமாகச் செய்தேன். 80 கி.மீ. கழித்துப் பார்த்தால் உள் நட்டு ஒவ்வொன்றும் கால் சுற்று திரும்பியது. நடுவில் இருந்த பெயின்ட் நசுங்கி, இறுக்கம் போயிருந்தது.

அடாப்டரை உட்காரவைத்து நான்கு நட்டையும் கையால் முடிந்தவரை திருகுங்கள். எதிரெதிராக, ஒரே மூச்சில் அல்லாமல் மூன்று சுற்றாக இறுக்குங்கள். முதல் சுற்று 20 அடி-பவுண்டு போதும், முடிவு எண் அடாப்டரோடு வரும் தாளில் இருக்கும். டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அடி-பவுண்டில் காட்டும் ஸ்பேனர்) இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். அடுத்து வீலை மாட்டி ஐந்து நட்டையும் நட்சத்திர வரிசையில் இறுக்குங்கள். கேம்ரியின் எண் 76 அடி-பவுண்டு, ஆனால் அடாப்டர் தாள் வேறு எண் சொன்னால் தாளையே கேளுங்கள்.

இறக்கும் முன் வீலைச் சுற்றிவிட்டு, எங்கேயும் உரசுகிறதா என்று பாருங்கள். இறக்கியபின், கொஞ்சம் சுமை ஏற்றி இன்னொரு முறை. ஸ்பிரிங் அமுங்கும்போது மட்கார்டு டயரைத் தொடுவது அப்போதுதான் தெரியும்.

முதல் ஓட்டம்

டிரெய்லர் அச்சு செய்பவர்கள் வீல் மாற்றியபின் 10, 25, 50 மைல்களில் (16, 40, 80 கி.மீ.) நட்டை மறுபடி இறுக்கச் சொல்கிறார்கள். அடாப்டர் போட்டால் வெளியே தெரிவது ஐந்து நட்டு மட்டுமே, அடாப்டரைப் பிடித்திருக்கும் நான்கும் வீலுக்குப் பின்னால். அதனால் 80 கி.மீ.யில் வீலைக் கழற்றி உள் நட்டுகளையும் பாருங்கள். நான் இப்போதும் ஒவ்வொரு நீண்ட பயணத்துக்கு முன்னும் கழற்றிப் பார்க்கிறேன், பக்கத்துக்கு பத்து நிமிடம்.

நிற்கும் இடத்தில் ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால், அல்லது ஒரு பக்கம் மட்டும் சூடு என்றால், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கடைசியாக, உங்கள் டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னியை ஒருமுறை வெளியே எடுத்துப் பாருங்கள். பல கார்களில் அது ஒல்லியான தற்காலிக டயர், அதை டிரெய்லரில் போடக் கூடாது. நான் பழைய வண்டி உடைக்கும் யார்டில் அதே அளவில் வீல் ஒன்று வாங்கி டிரெய்லரின் முன்சட்டத்தில் மாட்டிவைத்திருக்கிறேன். டிரெய்லரிலும் காரிலும் வீட்டு வாசலிலேயே ஒருமுறை மாட்டிப் பார்த்தாயிற்று.