பிழைச் செய்தி வராத பிழைகள்: எஸ்க்யூஎல் கற்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் அதைச் சுற்றியுள்ள சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பகுதிகளிலும் கோயில் சபை, தமிழ்ப் பாடசாலை ஆகியவற்றின் பதிவேடுகளைப் பேரேட்டிலிருந்தும் எக்செல் தாளிலிருந்தும் தரவுத்தளத்துக்கு மாற்றும் பொறுப்பு பெரும்பாலும் கணினி படித்த இளைஞர் ஒருவரின் கைக்கே வந்து சேர்கிறது. தரவுத்தளத்தை வினவப் பயன்படும் எஸ்க்யூஎல் (SQL) மொழியை அவர் சில வாரங்களில் கற்றுக்கொண்டு விடலாம், ஏனெனில் அதன் சொற்கள் குறைவு, இலக்கணம் எளிது. ஆனால் அந்த எளிமையிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. 1970ஆம் ஆண்டு எட்கர் காட் தொடர்புசார் தரவு மாதிரியை முன்வைத்தார். 1974இல் ஐபிஎம் நிறுவனத்தின் டொனால்ட் சாம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் அதற்கான வினவல் மொழியை வடிவமைத்தார்கள். அப்போதிருந்தே இம்மொழியில் என்ன வேண்டும் என்பதை மட்டும் நாம் சொல்கிறோம். எப்படி எடுப்பது என்பதைத் தரவுத்தளம் தீர்மானிக்கிறது. ஆகவே நாம் கேட்டதற்குத்தான் விடை வரும், நாம் கேட்க நினைத்ததற்கு வராது. எழுத்துப் பிழையை இயந்திரம் உடனே பிடித்துவிடும், பொருட்பிழையைப் பிடிக்காது. இங்கே நான் எழுதுவது பெரும்பாலும் அந்த இரண்டாம் வகையைப் பற்றியே.

அட்டவணையை அமைக்கும்போதே தொடங்கும் தவறு, ஒருவரின் பெயரை முதன்மைத் திறவுகோலாக, அதாவது ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் மதிப்பாக, வைப்பது. கவெண்டர், நாயுடு, பிள்ளை, மூட்லி போன்ற பெயர்கள் தென்னாப்பிரிக்காவில் குடும்பப் பெயர்களாக நிலைத்துவிட்டதால், ஒரே சபையில் ஒரே முதற்பெயரும் ஒரே குடும்பப் பெயரும் கொண்ட இருவர் இருப்பது அரிதன்று. அதற்கு மாற்றாகப் பலர் அடையாள எண்ணைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தென்னாப்பிரிக்க அடையாள எண் 13 இலக்கங்கள் கொண்டது. அதன் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள். 2003ஆம் ஆண்டு மார்ச் 14 அன்று பிறந்தவரின் எண் 030314 என்று தொடங்கும். அந்த நெடுவரிசையை முழு எண் வகையாக அறிவித்தால் முன்னுள்ள சுழியம் மறைந்து, 12 இலக்கங்களே எஞ்சும். 2000ஆம் ஆண்டில் பிறந்தவருக்குக் குறைந்தது இரண்டு சுழியங்கள் போய்விடும். டர்பன் தொலைபேசி எண்ணின் 031க்கும் பிரிட்டோரியாவின் 0002 என்ற அஞ்சல் குறியீட்டுக்கும் இதே கதிதான். கூட்டவோ பெருக்கவோ போகாத எண்ணை உரையாகவே சேமிக்க வேண்டும். அடையாள எண்ணைத் திறவுகோலாக்கக் கூடாது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு: திறவுகோல் என்பது தன்னைச் சுட்டும் ஒவ்வோர் அட்டவணைக்கும் படியெடுக்கப்படும். 2021 ஜூலை முதல் முழுமையாக நடைமுறைப்படுத்தப்படும் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியாவின் கீழ் கவனமாகக் காக்க வேண்டிய ஓர் எண்ணை நன்கொடை, வகுப்பு, விழா என எல்லா அட்டவணைகளிலும் பரப்பி வைப்பது நியாயமன்று. தரவுத்தளம் தானே வழங்கும், வேறு பொருள் எதுவும் இல்லாத வரிசை எண்ணே திறவுகோலுக்குப் பொருத்தமானது.

பணத்தை மிதவைப் புள்ளி எண்ணாகச் சேமிப்பதும் இவ்வகைத் தவறே. இரும எண்முறையில் 0.1, 0.2 ஆகியவற்றைத் துல்லியமாக எழுத முடியாததால், அவற்றின் கூட்டுத்தொகை 0.3க்குச் சரியாகச் சமமாவதில்லை. ராண்டுக்கும் சென்டுக்கும் இரண்டு தசம இடங்கள் கொண்ட டெசிமல் வகையே உரியது. தேதியை உரையாக எழுதினால் 05/04/2024 என்பது ஏப்ரலா மே மாதமா என்று தெரியாமற் போவதுடன், வரிசைப்படுத்தும்போது நாள் முன்னும் ஆண்டு பின்னுமாக அடுக்கப்படும்.

இவற்றையெல்லாம் விட ஆழமானது ‘நல்’ (NULL) பற்றிய குழப்பம். நல் என்பது சுழியமன்று, வெற்று உரையுமன்று. மதிப்பு அறியப்படவில்லை என்பதற்கான குறி. அறியப்படாத ஒன்றை எதனுடன் ஒப்பிட்டாலும் விடை ‘உண்மை’யும் ஆகாது, ‘பொய்’யும் ஆகாது, ‘தெரியாது’ என்ற மூன்றாம் நிலையே கிடைக்கும். வரிகளை வடிகட்டும் ‘வேர்’ (WHERE) நிபந்தனையோ உண்மை என்று உறுதியானவற்றை மட்டுமே உள்ளே விடும். சாட்ஸ்வர்த்தில் வசிக்காத உறுப்பினர்களைக் கேட்டால், வசிப்பிடம் பதியப்படாதவர்கள் அந்தப் பட்டியலில் வர மாட்டார்கள். சாட்ஸ்வர்த்தில் வசிப்பவர்களைக் கேட்டாலும் வர மாட்டார்கள். இரண்டு பட்டியல்களையும் சேர்த்தாலும் மொத்த உறுப்பினர் எண்ணிக்கை கிடைக்காது.

இதன் மிகக் கொடிய வடிவம் ‘நாட் இன்’ என்ற தொடரில் இருக்கிறது. நன்கொடை அட்டவணையில் ஒவ்வொரு தொகைக்கும் கொடுத்தவரின் உறுப்பினர் எண் இருக்கிறது என்று வையுங்கள். உண்டியல் காணிக்கைக்கு மட்டும் கொடுத்தவர் யாரென்று தெரியாததால் அந்த இடம் நல். இந்த ஆண்டு இன்னும் நன்கொடை தராதவர்களைக் கண்டறிய, ‘நன்கொடை அட்டவணையில் உள்ள எண்களுக்குள் இல்லாத உறுப்பினர்கள்’ என்று நாட் இன் கொண்டு வினவினால், ஒருவர் பெயர்கூட வராது. ஏழாம் எண் உறுப்பினர் மூன்றுக்குச் சமமில்லை, ஐந்துக்குச் சமமில்லை, ஆனால் நல்லுக்குச் சமமா இல்லையா என்பது ‘தெரியாது’. ஆகவே மொத்த நிபந்தனையும் ‘தெரியாது’ என்றாகி அவர் விலக்கப்படுகிறார். கொடுக்காத எல்லோருக்கும் இதுவே நேரும். எல்லா உறுப்பினரும் கொடுத்துவிட்டார்கள் என்று நிர்வாகக் குழு மகிழ்ச்சியுடன் அறிவிக்கவும் கூடும். ஒரே ஒரு நல் பதிவு போதும், இது நடக்க. பொருந்தும் பதிவு ஏதும் இல்லையா என்று கேட்கும் ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ கொண்டு எழுதினால் இந்தச் சிக்கல் எழாது. கற்போர் தொடக்கத்திலேயே அதைப் பழகிக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அட்டவணைகளை இணைப்பதில் நேரும் தவறுகள் பணக் கணக்கையே குலைத்துவிடும். ஓர் உறுப்பினர் 500, 300, 200 ராண்டு என மூன்று முறை நன்கொடை தந்திருக்கிறார். தைப்பூசக் காவடிக்குத் தமக்கும் தம் மகனுக்குமாக இரண்டு பதிவுகள் செய்திருக்கிறார். உறுப்பினர், நன்கொடை, காவடி ஆகிய மூன்று அட்டவணைகளையும் உறுப்பினர் எண்ணால் ஒரே வினவலில் இணைத்தால், ஒவ்வொரு நன்கொடையும் ஒவ்வொரு காவடிப் பதிவுடனும் சேர்ந்து ஆறு வரிகள் உண்டாகும். கூட்டுத்தொகை 1000 ராண்டுக்குப் பதில் 2000 ராண்டு என வரும். இதைக் கண்டவர்கள் ‘டிஸ்டிங்க்ட்’ என்ற சொல்லைச் சேர்த்துச் சரிசெய்ய முயல்வது வழக்கம். அது நோயை மறைக்குமே தவிரத் தீர்க்காது. ஒருவர் 300 ராண்டை இருமுறை தந்திருந்தால், வேறுபட்ட தொகைகளை மட்டும் கூட்டும் அந்த வினவல் இரண்டாவது 300ஐ விட்டுவிடும். முதலில் நன்கொடையை உறுப்பினர்வாரியாகத் தனியே கூட்டி, காவடிப் பதிவுகளைத் தனியே எண்ணி, உறுப்பினருக்கு ஒரு வரியாக ஆன பிறகே இணைப்பது சரியான வழி. இணைப்பதற்கு முன், இந்த அட்டவணையில் ஓர் உறுப்பினருக்கு எத்தனை வரிகள் இருக்கலாம் என்று கேட்டுக்கொண்டால் இத்தவறு பெரும்பாலும் நேராது.

முதல் அட்டவணையின் எல்லா வரிகளையும் தக்கவைக்கும் இணைப்பான லெஃப்ட் ஜாயினிலும் ஒரு நுட்பம் உண்டு. நன்கொடை தராத உறுப்பினர்களையும் பட்டியலில் வைத்திருக்கவே அதைப் பயன்படுத்துகிறோம். ஆனால் ‘நன்கொடை ஆண்டு 2024’ என்ற நிபந்தனையை வேர் பகுதியில் எழுதினால், நன்கொடையே இல்லாதவர்களின் ஆண்டு நல் ஆக இருப்பதால் அவர்கள் வடிகட்டப்பட்டு, லெஃப்ட் ஜாயின் சாதாரண இணைப்பாகச் சுருங்கிவிடும். அந்த நிபந்தனை இணைப்புக்குரிய ‘ஆன்’ பகுதியில் இருக்க வேண்டும்.

தமிழ் எழுத்துகளைச் சேமிப்போர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு; ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பாடங்களில் இதைக் காண்பது அரிது. ‘கோவிந்தன்’ என்ற பெயரில் உள்ள ‘கோ’வின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பும் காலுமாக இரு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஆனால் பல தரவுத்தள அமைப்புகளில் சமக்குறி அவற்றை வெவ்வேறாகக் கருதும். ஒரே பெயரைத் தேடினால் ஒருமுறை கிடைத்து, மறுமுறை கிடைக்காததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். தரவை உள்ளிடும் இடத்திலேயே யூனிகோடின் என்எஃப்சி (NFC) என்னும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். மைக்ரோசாஃப்டின் தரவுத்தள அமைப்பான எஸ்க்யூஎல் சர்வரில் வழக்கமான வார்ச்சர் என்ற உரை வகையில் தமிழை எழுதினால் கேள்விக்குறிகளாக மாறிவிடக்கூடும். அங்கே என்வார்ச்சர் வகை தேவை.

தேதி எல்லையிலும் இப்படி ஓர் இழப்பு நேரும். நேரத்துடன் கூடிய நெடுவரிசையில் ஜனவரி 1 முதல் 31 வரை என ‘பிட்வீன்’ கொண்டு கேட்டால், 31ஆம் தேதி நள்ளிரவு தொடங்கிய கணத்துக்குப் பின் வந்த எதுவும் சேராது. பிப்ரவரி 1க்கு முன் என்று எழுதுவதே பாதுகாப்பு. ‘ஆர்டர் பை’ இல்லாத வினவலின் வரிசைமுறைக்கும் எந்த உறுதியும் இல்லை; நேற்று வந்த வரிசை இன்றும் வரும் என்று நம்பக் கூடாது.

மாற்றுவதிலும் நீக்குவதிலும் நேரும் தவறு எல்லோரும் அறிந்ததே: வேர் நிபந்தனையை மறந்து அப்டேட் அல்லது டெலீட் கட்டளையை இயக்குவது. அதே நிபந்தனையை முதலில் செலக்ட் கொண்டு ஓட்டி, வரும் வரிகளின் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, பரிவர்த்தனையை (ஒன்றாக நிலைபெறும் அல்லது ஒன்றாக ரத்தாகும் கட்டளைத் தொகுதியை) தொடங்கி, கட்டளையை இயக்கி, பாதிக்கப்பட்ட வரிகளின் எண்ணிக்கை அதனுடன் ஒத்துப்போனால் மட்டும் காமிட் செய்து நிலைப்படுத்த வேண்டும், இல்லையேல் ரோல்பேக் செய்து பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும். லோட் ஷெடிங் காரணமாக வேலையின் நடுவே மின்சாரம் நின்ற அனுபவம் இந்நாட்டில் யாவர்க்கும் உண்டு. ஒரு கணக்கில் கழித்து மறு கணக்கில் கூட்டும் இரண்டு கட்டளைகள் ஒரே பரிவர்த்தனைக்குள் இருந்தால், இடையில் இயந்திரம் அணைந்தாலும் பாதி வேலை மட்டும் நிலைத்துவிடாது. ஆனால் மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள அமைப்பில் அட்டவணையையே நீக்கும் கட்டளை உடனடியாக நிலைபெற்றுவிடும். அதை ரோல்பேக் செய்ய முடியாது. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற மற்றோர் அமைப்பில் முடியும். ஓர் அமைப்பில் பழகியதை மற்றொன்றிலும் எதிர்பார்ப்பது இங்கே பெரும் இழப்பில் முடியும்.

பயனர் தட்டச்சிடும் பெயரை வினவல் உரையுடன் நேரடியாக ஒட்டுவது தீங்கிழைப்போருக்குக் கதவைத் திறந்து வைப்பதாகும். பயனர் தருவதைக் கட்டளையிலிருந்து பிரித்து வெறும் மதிப்பாக அனுப்பும், அளவுருக்கள் கொண்ட வினவல்களே எழுதப்பட வேண்டும், இதில் விதிவிலக்கு வேண்டாம்.

புதிய வினவலை உண்மையான பதிவேட்டில் ஓட்டுவதற்கு முன், கையாலேயே விடை காணக்கூடிய பத்துப் பதிவுகள் கொண்ட சிறிய அட்டவணையில் ஓட்டிப் பாருங்கள். அதில் எதுவும் தராதவர் ஒருவர், ஒரே தொகையை இருமுறை தந்தவர் ஒருவர், பெயர் தெரியாத காணிக்கை ஒன்று, மாதத்தின் கடைசி நாள் மாலையில் வந்த தொகை ஒன்று கட்டாயம் இருக்கட்டும். மேலே சொன்னவற்றுள் பலவும் அங்கேயே அகப்பட்டுவிடும். காப்புப் படியையும் இப்படியே சோதிக்க வேண்டும்: எடுத்து வைத்த கோப்பை வேறொரு கணினியில் மீட்டு, ஒவ்வோர் அட்டவணையின் பதிவு எண்ணிக்கையையும் மூலத்துடன் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே அதைக் காப்பு என்று கணக்கில் கொள்ளலாம்.