மூன்றே வாரத்தில் மறுபடி புழுவா? நாய்க்குப் பூச்சி மாத்திரை கொடுக்கும் முறை

மாத்திரை கொடுத்து மூன்று வாரம்கூட ஆகியிருக்காது, மலத்தில் மறுபடியும் புழு. உடனே "மருந்து சரியில்லை" என்று பழி கடைக்காரர் தலையில் விழும். பெரும்பாலும் மருந்து நல்ல மருந்துதான். எடையைக் குத்துமதிப்பாகப் போட்டிருப்பார்கள், இரண்டாம் தடவை கொடுத்திருக்க மாட்டார்கள், அல்லது புழு முட்டை விளையிலேயே (வீட்டைச் சுற்றியுள்ள தோட்டத்திலேயே) கிடக்கும். இந்த மூன்றையும் சரிசெய்யும் வழி கீழே.

முதலில் எந்தப் புழு என்று பாருங்கள்

உருண்டைப் புழு: வேகவைத்த சேமியா மாதிரி வெள்ளையாக, ஒரு விரல் நீளத்துக்கு, ஸ்பிரிங் போலச் சுருண்டு கிடக்கும். குட்டிகள் வாந்தியிலும் எடுக்கும். வயிறு பானையாக ஊதியிருக்க, முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டால் முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

நாடாப்புழு: முழுப் புழு வெளியே வராது, துண்டு துண்டாக வரும். புதிதாக இருந்தால் வெள்ளரி விதை மாதிரி இருக்கும், மெல்ல நெளியும். காய்ந்தால் மஞ்சளடித்த அரிசிமணி. வாலுக்கடியில் முடியிலும், படுக்கும் சாக்கிலும் தேடுங்கள். நாய் பின்புறத்தைத் தரையில் தேய்த்தாலே நாடாப்புழு என்பார்கள். அதற்கு ஆசனவாய்ச் சுரப்பி அடைப்புதான் பெரும்பாலும் காரணம்; விதை மாதிரித் துண்டைக் கண்ணால் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

சாட்டைப்புழு: மலம் போய் முடியும்போது கடைசியில் சளியும் கொஞ்சம் புது ரத்தமும்.

கொக்கிப்புழு: நம்ம குமரி மாவட்டத்தில் அதிகம் பயப்பட வேண்டியது இதற்குத்தான், ஆனால் கண்ணில் படாது. ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர்தான் இருக்கும். குடலைக் கவ்விக்கொண்டு ரத்தம் உறிஞ்சும். அடையாளம் மலத்தின் நிறம்: தார் மாதிரிக் கறுத்து, பிசுபிசுப்பாக, நாற்றம் வேறு மாதிரி. அடுத்த அடையாளம் ஈறு. மேலுதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் 2 விநாடிக்குள் பழைய இளஞ்சிவப்புக்குத் திரும்ப வேண்டும். அழுத்தாமலே ஈறு வெளுத்து, காகிதம் மாதிரி இருந்தால் பூச்சி மாத்திரையோடு நின்றுவிடாதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். குட்டியாக இருந்தால் ரத்தம் ஏற்ற வேண்டியதுகூட வரலாம். ஈறு கறுப்பாக உள்ள நாய்க்குக் கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பாருங்கள். இன்னொன்று: உண்ணிக் காய்ச்சலிலும் ஈறு இதே மாதிரி வெளுக்கும். உண்ணி ஒட்டியிருந்த நாய் சோர்ந்து படுத்தால் "பூச்சிதான்" என்று வீட்டிலேயே முடிவுகட்ட வேண்டாம்.

மலம் கொடுத்துப் பரிசோதிப்பதாக இருந்தால்

போன உடனே எடுங்கள், மண் ஒட்டாத மேல்பகுதியிலிருந்து. சின்ன நெல்லிக்காய் அளவு போதும். மண்ணில் கிடந்ததை வழித்துக் கொடுத்தால் மண்ணில் வாழும் சாதாரணப் புழுவும் சேர்ந்து வந்து குழப்பும். நம்ம சூட்டில் கொக்கிப்புழு முட்டை ஒரே நாளில் பொரிந்துவிடும், ஆகையால் மூடியுள்ள டப்பாவில் அன்றைக்கே கொடுங்கள். முடிவில் "முட்டை இல்லை" என்று வந்தால் புழுவே இல்லை என்று பொருள் இல்லை. நாடாப்புழு இந்தச் சோதனையில் பெரும்பாலும் சிக்காது. பால் குடிக்கும் குட்டிக்குக் கொக்கிப்புழு முட்டை போடத் தொடங்கும் முன்பே ரத்தம் குறைந்துவிடும்.

எடை: இங்கேதான் தப்பு நடக்கிறது

"ஒரு இருபது கிலோ இருக்கும்" என்று சொல்லப்படும் லாப்ரடார் தராசில் 32 காட்டும். 10 கிலோவுக்கு 1 என்று 2 மாத்திரை போட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மருந்து குறைவு. பலவீனமான புழு சாகும், மீதி தங்கும்.

பெரிய நாய்க்கு: நீங்கள் மட்டும் தராசில் ஏறுங்கள், 64.2 கிலோ. நாயைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள், 82.6. நாய் 18.4 கிலோ. குட்டிக்கு: அடுக்களை டிஜிட்டல் தராசில் ஒரு பிளாஸ்டிக் பாத்திரத்தை வைத்துப் பூஜ்யம் ஆக்கி, குட்டியை அதில் விடுங்கள். நடுத்தர நாய்க்கு மீன் எடைபோடும் தொங்கு தராசில் கூடையை மாட்டியும் பார்க்கலாம், பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொண்டால். குளியலறைத் தராசில் குட்டியை நேராக நிறுத்துவது வீண். 2 கிலோ குட்டிக்கு அரைக் கிலோ பிசகினாலே கால் பங்கு மருந்து மாறிவிடும்.

எந்த மருந்து

கடையில் பெட்டிப் பெயரைப் பார்க்காதீர்கள், பின்புறம் படியுங்கள். வளர்ந்த நாய்க்கு வசதியானது மூன்று மருந்து சேர்ந்தது: பிரசிகுவான்டல் 50 மில்லிகிராம், பைரன்டல் பமோயேட் 144, ஃபெபான்டல் 150. இது 10 கிலோவுக்கு 1 மாத்திரை. மேலே சொன்ன நான்கு புழுவுக்கும் ஒரே மாத்திரை. பாதிப் பாதியாக மேல்நோக்கிக் கணக்கிடுங்கள்: 5 கிலோ வரை அரை, 10 வரை 1, 15 வரை ஒன்றரை, 20 வரை 2. மேலே சொன்ன 18.4 கிலோ நாய்க்கு 2. 32 கிலோ லாப்ரடாருக்கு மூன்றரை. 35 கிலோ நாய்க்கென்று ஒரே பெரிய மாத்திரையும் விற்கிறது. அதைச் சின்ன மாத்திரை என்று நினைத்து எண்ணிக் கொடுத்துவிடாதீர்கள்.

குட்டிக்குத் திரவ மருந்து. ஒரு மில்லியில் ஃபெபான்டல் 15, பைரன்டல் 14.4 மில்லிகிராம் உள்ளதானால் கிலோவுக்கு 1 மில்லி. 1.6 கிலோ குட்டிக்கு 1.6 மில்லி. இந்தத் திரவத்தில் நாடாப்புழு மருந்து கிடையாது. அளக்க ஊசி கழற்றிய 2 மில்லி சிரிஞ்ச் வைத்துக்கொள்ளுங்கள். டீஸ்பூன் வேண்டவே வேண்டாம்.

வாயில் போடுவது

இந்த மருந்துக்குப் பட்டினி போட வேண்டியதில்லை. பிரசிகுவான்டல் கடுங்கசப்பு, மாத்திரையைப் பொடித்துச் சோற்றில் பிசைந்தால் மோந்துவிட்டுத் திரும்பிவிடும், அல்லது நுரை தள்ளும். பொடிக்காமல் மட்டி வாழைப்பழத்துக்குள் திணியுங்கள். மட்டி குழைவாக இருப்பதால் மாத்திரை மேல் அப்படியே மூடிக்கொள்ளும். பழம் தொடாத நாய்க்கு வேகவைத்து முள் எடுத்த சாளை மீன். மூன்று உருண்டை செய்யுங்கள்: முதலில் வெறும் உருண்டை, இரண்டாவது மாத்திரை உள்ளது, அது வாயில் இருக்கும்போதே மூன்றாவதைக் காட்டுங்கள். மூன்றாவதைப் பார்த்த அவசரத்தில் இரண்டாவதை மெல்லாமல் விழுங்கும்.

திரவத்தைக் கொடுக்கும்முன் பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள், மருந்து அடியில் தங்கியிருக்கும். சிரிஞ்ச் நுனியைக் கன்னத்துப் பக்கவாட்டில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். குட்டியின் தலையை அண்ணாந்து பிடித்தால் மருந்து மூச்சுக்குழாயில் போகும்.

அடுத்த ஒன்றிரண்டு நாளில் உருண்டைப் புழு வெளியே வரலாம். நாடாப்புழு வராது. குடலுக்குள்ளேயே செரித்துவிடும். "ஒன்றும் விழவில்லையே" என்று மறுநாள் இன்னொரு மாத்திரை போடாதீர்கள். வயிறு ஊதிய குட்டி மருந்துக்குப் பிறகு விடாமல் வாந்தி எடுத்தால், செத்த புழு குடலை அடைத்திருக்கலாம். அது வீட்டு வைத்தியத்துக்கு அடங்காது.

இரண்டாம் தடவை ஏன்

மாத்திரை குடலுக்குள் இருக்கும் புழுவைத்தான் கொல்லும். தசையிலும் நுரையீரலிலும் திரியும் இளம்புழுவுக்கு அது எட்டாது. குடல் காலியானதும் அவை இறங்கிவந்து இரண்டு மூன்று வாரத்தில் வளர்ந்துவிடும். மூன்றாம் வாரத்தில் நீங்கள் பார்க்கும் "புதுப் புழு" இதுதான். ஆகவே முதல் மருந்திலிருந்து 14ஆம் நாள் அதே அளவு மறுபடி. அதற்கு முன் மறுபடி எடை பாருங்கள். குட்டி இரண்டு வாரத்தில் நன்றாகவே கூடியிருக்கும்.

சாட்டைப்புழு வேறு கணக்கு. முட்டையிலிருந்து வளர ஏறக்குறைய 3 மாதம் எடுக்கும். மருத்துவர் ஃபென்பென்டசோல் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வீதம் தொடர்ந்து 3 நாள் எழுதுவார். 3 வாரத்திலும் 3 மாதத்திலும் திரும்பக் கொடுக்க வேண்டும்.

குட்டிக்கு அட்டவணை: பிறந்து 2, 4, 6, 8 வாரம், பிறகு 6 மாதம் வரை மாதம் ஒருமுறை. இரண்டு வாரக் குட்டிக்கா என்று தயங்க வேண்டாம். உருண்டைப் புழு தாய் வயிற்றிலேயே குட்டிக்குள் போய்விடுகிறது, கொக்கிப்புழு தாய்ப்பாலில் வருகிறது. தாய்க்கும் அதே நாளில் கொடுங்கள், இல்லாவிட்டால் பாதி வேலைதான்.

வளர்ந்த நாய்க்கு 3 மாதத்துக்கு ஒருமுறை. கைபேசி நினைவூட்டலைவிட எளிய வழி: தை, சித்திரை, ஆடி, ஐப்பசி ஒன்றாம் தேதி. நான்குக்கும் இடையே சரியாக மூன்று மாதம், நாள் மறக்காது.

விளையும் முற்றமும்

ஆனி, ஆடிச் சாரலும் ஐப்பசி, கார்த்திகை மழையும் இரண்டும் வாங்கும் மாவட்டம் இது. ரப்பர்த் தோட்டத்து நிழல், வாழை நட்ட ஈர மண், கடற்கரை ஊர்களின் மணல்: கொக்கிப்புழு இளம்புழுவுக்குச் சூடும் ஈரமும் நிழலும் போதும், ஒரு வாரத்துக்குள் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். வாய் வழியாகத்தான் போக வேண்டும் என்றில்லை, பாதத் தோல் வழியாகவே நுழையும். செருப்பில்லாமல் நடக்கும் பிள்ளைகளின் காலிலும் நுழைந்து, தோலுக்கடியில் வளைந்து வளைந்து சிவந்த கோடு போடும், அரிப்பு தாங்காது.

பெரும்பாலான வீடுகளில் செய்வது: முற்றத்து மலத்தைக் குழாய்த் தண்ணீர் அடித்துத் தென்னைமூட்டுத் தடத்துக்குள் தள்ளிவிடுவது. தடத்தில் எப்போதும் ஈரம், மேலே ஓலை நிழல், சருகு மூடாக்கு. புழுவுக்கு இதைவிட நல்ல நாற்றங்கால் கிடையாது. தினமும் காலையில் அள்ளிக் கழிவறையில் போட்டு ஊற்றுங்கள். அன்றன்றைக்கே அள்ளினால் போதும்: உருண்டைப் புழு முட்டை தொற்றும் நிலைக்கு வர ஒன்றிரண்டு வாரமாவது ஆகும், ஆனால் சில வகை நாடாப்புழு முட்டை புது மலத்திலேயே தொற்றும். காய்கறிக்கு உரமாகப் போடாதீர்கள்.

கூண்டுத் தரை சிமென்டாக இருந்தால் கழுவி, கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, வெயிலில் காயவிடுங்கள். பிளீச்சிங் பவுடர் உருண்டைப் புழு முட்டையைக் கொல்லாது. அதைத் தூவிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள்.

நாடாப்புழு திரும்பத் திரும்ப வந்தால் மாத்திரையைக் குறை சொல்லாமல் தெள்ளுப்பூச்சியைப் பாருங்கள். தெள்ளை நாய் கடித்து விழுங்கும்போதுதான் அந்தப் புழு உள்ளே போகிறது. மாத்திரை கொடுக்கும் அன்றைக்கே தெள்ளு மருந்தும் போட்டு, படுக்கும் சாக்கை வெந்நீரில் அலசிக் காயப்போடுங்கள். வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரின் உள்ள நாய் மருந்து வாங்காதீர்கள், அது பூனைக்கு விஷம். இறைச்சிக்கடைக் குடலும் ஈரலும் பச்சையாகப் போடுவதும் வேறு வகை நாடாப்புழுவைக் கொண்டுவரும். வேகவைத்துப் போடுங்கள்.

பிறகு சேர்த்தவை

பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குக் கொடுத்த 400 மில்லிகிராம் அல்பென்டசோல் மிச்சம் இருக்கிறது, நாய்க்குப் போடலாமா? வேண்டாம். நாய்க்கு அது எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கக்கூடியது. பசுவுக்கு வாங்கிய பூச்சி மருந்து பாட்டிலும் அப்படியே: செறிவு மாட்டுக்கானது, சில துளி கூடினாலே அளவு மீறும். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியைக் கோலி வகை நாய்க்குப் போட்டால் உயிருக்கே ஆபத்து.

பூண்டு: நாயின் சிவப்பணுவை உடைக்கும். கொக்கிப்புழுவால் ஏற்கெனவே ரத்தம் குறைந்த நாய்க்குப் பூண்டு கொடுப்பது எரிகிற தீயில் எண்ணெய்.

சினை நாய்: ஃபெபான்டல் சேர்ந்த மாத்திரையைச் சினையின் முதல் 40 நாளில் கொடுக்கக் கூடாது. எந்த மருந்து, எந்த நாளிலிருந்து என்று மருத்துவரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

பைப்பரசின் உள்ள பழைய மருந்தை பைரன்டலோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுக்கும்.