இரும்புத் தண்ணீர் ஃபில்டர்: மீடியா கொட்டிய முதல் நாள் என்ன செய்ய வேண்டும்?

போர் தண்ணீரைச் சொம்பில் பிடிக்கும்போது பளிங்கு மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் தட்டும், மறுநாள் பார்த்தால் அடியில் காவி படிந்திருக்கும். வெள்ளை வேட்டி நாலு துவைப்பில் பழுப்பாகிவிடும். தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் போர் போட்ட பல வீடுகளில் இந்தத் தொல்லை உண்டு. தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பு காற்றுப் பட்டதும் துருவாக மாறுகிறது, அவ்வளவுதான்.

அந்த மாற்றத்தை ஃபில்டருக்குள்ளேயே நடத்தி முடிக்கத்தான் கேட்டலிட்டிக் மீடியா. மாங்கனீஸ் டை ஆக்சைடு பூசிய கறுப்பு மணல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு அதன் மேல் பட்டதும் துருவாகி மணலுக்குள் சிக்கிக்கொள்ளும். பேக்வாஷ் செய்யும்போது, அதாவது தண்ணீரைக் கீழிருந்து மேலே விட்டு மணலைக் கழுவும்போது, அந்தத் துரு வெளியே போய்விடும். மணலைக் கொட்ட அரை மணி நேரம் போதும். அதற்குப் பிறகு ஒரு நாள் பொறுமையாக இருப்பவர்களுக்கு மட்டும்தான் மீடியா வருஷக்கணக்கில் உழைக்கிறது.

தண்ணீரைப் பாருங்கள்

கொய்யா இலையைக் கசக்கி ஒரு டம்ளர் தண்ணீரில் போடுங்கள். கருநீலமாக மாறினால் இரும்பு இருக்கிறது. எவ்வளவு என்று தெரிய ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும். இரும்பு, மாங்கனீஸ், பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு), டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் மொத்த அளவு) நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே இரும்பு துணியில் கறை வைக்கும். பி.எச். 6.5-க்குக் கீழே இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் கரையோரத்து உப்புத் தண்ணீருக்காக யாராவது இந்த மீடியாவை விற்க வந்தால் வாங்காதீர்கள். இது உப்பை எடுக்காது.

மோட்டாரை அளந்த பிறகு வெஸல் வாங்குங்கள்

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வெஸல் என்பது மீடியாவைக் கொட்டும் உருளைத் தொட்டி. வீடுகளில் அதிகம் வைப்பது 13 அங்குல விட்டம், 54 அங்குல உயரம் உள்ளது. பேக்வாஷில் மணல் படுக்கை மேலே எழும்பிப் புரள, இதற்கு நிமிஷத்துக்குக் குறைந்தது 43 லிட்டர் வேண்டும். மீடியா கம்பெனிகளின் தாளில் இருக்கும் கணக்கு பெரும்பாலும் குளிர்நாட்டுத் தண்ணீருக்கு உரியது. நம்மூர் வெதுவெதுப்பான தண்ணீர் இளக்கமானது, மணலைத் தூக்க இன்னும் கொஞ்சம் வேகம் தேவை. அதனால் 20 லிட்டர் வாளியை மோட்டார் குழாயில் வைத்துப் பாருங்கள். 25 வினாடிக்குள் நிரம்பினால் 13 அங்குலம் எடுக்கலாம். 40 வினாடி ஆகிறதென்றால் 10 அங்குலமே போதும்.

கொட்டும் விதம்

நடுக்குழாயின் வாயை டேப் போட்டு நன்றாக மூடுங்கள். ஒரு கைப்பிடி மணல் உள்ளே போனாலும் பிறகு சமையலறைக் குழாயில்தான் வந்து நிற்கும். வெஸலில் கால்வாசித் தண்ணீர் விட்டு, கழுவிய சரளையை 15 செ.மீ. உயரத்துக்கு மெதுவாக இறக்குங்கள். அதன் மேல் மீடியா 65 செ.மீ., அதாவது 13 அங்குல வெஸலுக்குச் சுமார் 55 லிட்டர். மேலே உள்ள இடத்தைக் காலியாக விடுங்கள், மணல் எழும்ப அந்த இடம் வேண்டும். தூள் கண்மை மாதிரிப் பறக்கும், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி தண்ணீரை நிரப்பி ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். காய்ந்த மணலின் இடுக்கெல்லாம் காற்று அடைந்திருக்கும். பாபநாசம் பக்கம் எங்கள் உறவினர் வீட்டில் ஃபில்டர் மாட்ட வந்தவர் ஊறவிடாமல் பேக்வாஷ் வால்வை ஒரேயடியாகத் திறந்துவிட்டார். அடைபட்ட காற்று மணலையும் தூக்கிக்கொண்டு கிளம்பியது. வாசல் வாய்க்காலில் கறுப்பு மணல் மேடு தட்டி நின்றதை நானே பார்த்தேன். புது மீடியாவில் பாதி போய்விட்டது.

முதல் பேக்வாஷ்

காலையில் மல்டிபோர்ட் வால்வை, அதாவது தண்ணீர் போகும் வழியை மாற்றும் தலைப்பிடியை, பேக்வாஷுக்குத் திருப்புங்கள். திருப்பும்போது மோட்டார் ஓடக் கூடாது. பிறகு மோட்டாரைப் போட்டு, தண்ணீரைக் கால்வாசி அளவுக்கு மட்டும் திறந்து பத்து நிமிஷம் விடுங்கள். குபுகுபுவென்று காற்று வெளியேறும். அது அடங்கிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக முழு வேகத்துக்குக் கொண்டுபோங்கள்.

கழிவுக் குழாயின் வாயில் பழைய வேட்டித் துணியைப் பிடித்துப் பாருங்கள். முதலில் மை கரைத்த மாதிரித் தண்ணீர் வரும், பயப்பட வேண்டாம், அது மீடியாவின் தூள். துணியில் விரலால் தடவும்போது நறநறவென்று மணியாகத் தட்டினால் வேகம் அதிகம், உடனே குறையுங்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி வரும் வரை விடுங்கள். அரை மணியும் ஆகலாம், ஒரு மணியும் ஆகலாம். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், தண்ணீரைப் பாருங்கள்.

குளோரினில் ஊறல்

மீடியாவில் கிரீன்சாண்ட் பிளஸ், பிர்ம் என்று வகைகள் உண்டு. கிரீன்சாண்ட் பிளஸ் வகைக்கு இது கட்டாயம். பிர்ம் வகைக்குக் குளோரின் ஆகவே ஆகாது, அதற்குத் தண்ணீரில் காற்றைக் கலக்கும் காற்றேற்றம்தான். வாங்கிய மூட்டையில் எந்த வகை என்று பார்த்த பிறகே கை வையுங்கள்.

10 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் (திரவக் குளோரின்) 100 மில்லியை 100 லிட்டர் தண்ணீரில் கலந்தால், லிட்டருக்கு 100 மில்லிகிராம் குளோரின் கிடைக்கும். அந்தத் தண்ணீரால் வெஸலை நிரப்பி நான்கு மணி நேரம் அப்படியே விடுங்கள். பிளீச்சிங் பவுடர் வேண்டாம், கரையாத சுண்ணாம்பு மணலை அடைக்கும். ஆசிட் பாட்டில் அந்தப் பக்கமே இருக்கக் கூடாது, ஆசிட்டும் ஹைப்போகுளோரைட்டும் சேர்ந்தால் விஷ வாயு. ஊறிய தண்ணீரைச் செடி கொடிக்கோ குளத்துக்கோ விடாதீர்கள். பிறகு வால்வை ரின்ஸில் (அலசும் நிலையில்) வைத்து, குளோரின் வாடை போகும் வரை ஓடவிடுங்கள்.

ஓடவிடுதல்

13 அங்குல வெஸலில் நிமிஷத்துக்கு 17 லிட்டருக்கு மேல் எடுக்காதீர்கள். கிரீன்சாண்ட் வகையாக இருந்தால் ஃபில்டருக்கு முன்னால், தண்ணீரில் குளோரினை அளவாகச் சேர்க்கும் டோசிங் பம்பும் வேண்டும். 1 மில்லிகிராம் இரும்புக்கு 0.64 மில்லிகிராம் குளோரின் என்பது கணக்கு, சற்றுக் கூடவே வையுங்கள். முதல் நாள் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்க வேண்டாம். உள்ளே போகும் தண்ணீர் ஒரு டம்ளர், வெளியே வரும் தண்ணீர் ஒரு டம்ளர், இரண்டிலும் கொய்யா இலை போட்டுப் பாருங்கள். இரண்டாவது கறுக்கவில்லை என்றால் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பிவிட்டுக் குடிநீருக்குத் திறக்கலாம்.

முதல் வாரம் இரண்டு நாளுக்கு ஒரு முறை பேக்வாஷ் கொடுங்கள். காவித் தண்ணீர் எவ்வளவு நேரம் வருகிறது என்று குறித்து வையுங்கள். உங்கள் போருக்கு எத்தனை நாள் இடைவெளி சரி என்பது அந்தக் குறிப்பிலேயே தெரிந்துவிடும்.