பழைய மாருதி 800-ஐ நாமே பார்த்துக்கொள்வது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

1983 டிசம்பரில் டெல்லியில் முதல் மாருதி 800 ஓட ஆரம்பித்தது. 2014 ஜனவரியில் தயாரிப்பை நிறுத்தும்போது இந்தியாவில் மட்டும் 25 லட்சத்துக்கு மேல் விற்றிருந்தது. அதனால்தான் இன்றைக்கும் இந்த வண்டிக்குப் பாகம் தேடி அலைய வேண்டியதில்லை. புதுசு வேண்டுமென்றால் சென்னை ஜி.பி. ரோடு, பழசு வேண்டுமென்றால் புதுப்பேட்டை. சின்ன ஊர்களிலும் ஏதாவது ஒரு ஸ்பேர்ஸ் கடையில் இதன் ஆயில் ஃபில்டர் தொங்கிக்கொண்டிருக்கும்.

கை பழக இதைவிட நல்ல கார் கிடையாது என்பது என் கட்சி. 796 சிசி, மூன்று சிலிண்டர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர். பானெட்டைத் திறந்தால் இன்ஜினுக்குப் பக்கத்தில் கை நுழைய இடம் இருக்கிறது. நான் சொல்லப் போவது கார்புரேட்டர் வண்டிக்கு. 2000 வாக்கில் வர ஆரம்பித்த எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலை இன்ஜெக்டர் பீய்ச்சும்) வண்டி வைத்திருப்பவர்கள் ஐந்தாம், ஆறாம் படிகளில் கார்புரேட்டர் பற்றி வருவதை மட்டும் தாண்டிவிடலாம்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். பழைய கார் வாங்கிய உடனே அலாய் வீல், பெரிய ஹாரன், சத்தமான சைலன்சர் என்று கை பரபரக்கும். அதெல்லாம் பிறகு. பழைய வண்டியின் தொல்லைகளில் பெரும்பாலானவை இறுகிப்போன ரப்பர், துருப்பிடித்த எர்த் ஒயர், அடைபட்ட வழி ஆகியவற்றிலிருந்துதான் வருகின்றன. அவற்றைச் சரிசெய்தாலே, கம்பெனியிலிருந்து வந்தபோது எப்படி ஓடியதோ அதில் பெரும்பகுதி திரும்பிவிடும். அதன் மேல்தான் எந்த மேம்பாடும் நிற்கும்.

படி 1: ஒரு ராத்திரி அட்டை விரியுங்கள்

ஃபிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்து இன்ஜினுக்குக் கீழே விரித்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் அட்டையில் இருக்கும் கறைதான் வேலைப் பட்டியல். கறுப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில். கெட்டியாக, கந்தக வாடை அடித்தால் கியர் ஆயில். பச்சையாகவோ துரு நிறத்திலோ தண்ணீர் மாதிரி இருந்தால் கூலன்ட். சக்கரத்துக்கு உள்பக்கம் நிறமில்லாமல் வழுவழுப்பாக இருந்தால் பிரேக் ஆயில். அப்படியென்றால் அன்றைக்கு வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

ஒரு நோட்டு போட்டு தேதி, கிலோமீட்டர், செய்த வேலை மூன்றையும் எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். பிளக், ஃபில்டர், டைமிங் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு வண்டி முன்னைவிட மோசமாக ஓடினால் குற்றவாளி யாரென்று கண்டுபிடிக்க முடியாது.

படி 2: சாமான்

8 முதல் 19 வரை ஸ்பேனர் செட், பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), சாதாரண மல்டிமீட்டர், வேஸ்ட் துணி. இவ்வளவு போதும். ஆனால் ஜாக்கியுடன் இரண்டு ஸ்டாண்டும் கட்டாயம் வாங்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கல் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

படி 3: ஆயில்

ஐந்து நிமிடம் வண்டியை ஓடவிட்டு, கை பொறுக்கும் சூட்டில் ஆயிலை இறக்குங்கள். டிரெயின் போல்ட்டின் வாஷரை மாற்றுங்கள். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவி, ரப்பர் உட்கார்ந்த பிறகு கையாலேயே முக்கால் சுற்று இறுக்கினால் போதும். இரண்டரை லிட்டர் ஊற்றிவிட்டு டிப் ஸ்டிக்கை (ஆயில் மட்டம் காட்டும் கம்பி) பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். தேய்ந்த இன்ஜினுக்குச் சாதாரண 20டபிள்யூ-40 மினரல் ஆயிலே சரி. விலை அதிகமான, நீர்த்த சிந்தெட்டிக் ஆயிலை ஊற்றினால் பழைய சீல்கள் வழியே அது தரைக்குத்தான் போகும். கழித்த ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல் பக்கத்து வொர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

படி 4: தண்ணீர்

நம் ஊரில் இந்த இன்ஜின்கள் பெரும்பாலும் சாவது இங்கேதான். இன்ஜினின் மேல் பாகமான ஹெட் அலுமினியம். ஒரே ஒரு முறை அளவு மீறிச் சூடேறினாலும் வளைந்துவிடும், கேஸ்கெட் போய்விடும்.

இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். செம்மண் குழம்பு மாதிரி இருந்தால் யாரோ வருஷக்கணக்கில் போர் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். அந்த உப்பு உள்ளே படிந்து குழாய்களை அடைத்திருக்கும். இறக்கிவிட்டு, வருகிற தண்ணீர் தெளியும் வரை அலசி, கூலன்டையும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரையும் டப்பாவில் போட்டிருக்கும் அளவில் கலந்து ஊற்றுங்கள். மூடி திறந்தபடியே இன்ஜினை ஓடவிட்டால் காற்றுக் குமிழ் வெளியேறும். அளவு இறங்க இறங்க நிரப்புங்கள். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மூடியையே மாற்றுங்கள். அழுத்தம் நிற்காவிட்டால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும்.

அப்புறம் தெர்மோஸ்டாட்: இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு. "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்?" என்று கழற்றி எறிந்துவிட்ட வண்டிகள் ஏராளம். ஒயர் பழுதாகி ஃபேன் சுற்றாததற்கெல்லாம் பழி இந்தச் சின்ன வால்வு மேல் விழுகிறது. இது இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும், பெட்ரோல் கூடச் செலவாகும், தேய்மானமும் அதிகம். உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கழற்றிப் பழைய பாத்திரத்தில் தண்ணீரோடு அடுப்பில் வையுங்கள். 80 டிகிரியைத் தாண்டிக் கொதி வருவதற்குள் வால்வு திறக்க வேண்டும், ஆறியதும் மூட வேண்டும். இரண்டில் ஒன்று நடக்காவிட்டாலும் புதிது போடுங்கள். ஃபேனும் தானாக ஓடுகிறதா என்று நின்ற இடத்திலேயே சூடேற்றிப் பார்த்துவிடுங்கள்.

படி 5: பிளக்கைப் படியுங்கள்

இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். சூட்டில் கழற்றினால் அலுமினிய மரை பிய்த்துக்கொண்டு வந்துவிடும். மூன்று ஒயரையும் ஒன்றாகப் பிடுங்காதீர்கள். ஒன்றைக் கழற்றி அந்த பிளக்கைப் பார்த்து மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போனால் ஒயர் மாறவே மாறாது.

கழற்றிய பிளக்கை வெளிச்சத்தில் பிடியுங்கள். நுனியில் பீங்கான் மாரி பிஸ்கட் நிறத்தில் இருந்தால் அந்தச் சிலிண்டர் சுகம். காய்ந்த கரி ஒட்டியிருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது: ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், சோக் முழுவதும் திரும்பாமல் இருக்கலாம். ஈரமாக, எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. வெள்ளை வெளேரென்று இருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது எங்கிருந்தோ காற்று இழுக்கிறது. மூன்றில் ஒன்று மட்டும் வேறாக இருந்தால் நோய் அந்தச் சிலிண்டரில். மூன்றும் ஒரே மாதிரி கெட்டிருந்தால் கார்புரேட்டர் பக்கம் போங்கள்.

பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. மாட்டும்போது முதல் சில சுற்று விரலால்தான் போக வேண்டும். கோணலாக ஏறினால் ஹெட்டே போச்சு. பாயின்ட் செட் (பிளக்குக்குத் தீப்பொறி வரவைக்கும், திறந்து மூடும் சின்ன சுவிட்ச்) உள்ள பழைய வண்டியானால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, பாயின்ட் அதிகபட்சம் திறந்திருக்கும் நிலையில் 0.4 முதல் 0.5 மி.மீ. வையுங்கள். பாயின்ட் இடைவெளி மாறினால் டைமிங்கும், அதாவது தீப்பொறி விழும் நேரமும், மாறும். அதனால் அன்றே டைமிங் லைட் இருக்கிற மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

படி 6: பெட்ரோல்

இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த வண்டியை வடிவமைத்த காலத்தில் அப்படி ஒன்று கிடையாது. எத்தனால் பழைய ரப்பரை ஊதவைக்கும், காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். அதனால் டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ரப்பர் ஹோஸையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுவதை ஆயிலுக்கு அடுத்த வேலையாக வையுங்கள். பழைய ஹோஸை வளைத்துப் பார்த்தால் முடி போல வெடிப்பு தெரியும். அது சூடான இன்ஜினுக்குப் பக்கத்தில்தான் போகிறது என்பதை நினைவில் வையுங்கள். கிளிப்பும் புதிதாக இருக்கட்டும். தீயணைக்கும் சிலிண்டர் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ஃபில்டரை மாற்றிய பிறகும் வண்டி திணறினால் கார்புரேட்டரைக் கிட் போட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். கழற்றுவதற்கு முன் எல்லாக் கோணத்திலும் செல்போனில் படம் எடுங்கள். ஜெட்டை, அதாவது பெட்ரோல் வரும் சின்னத் துளையை, கம்பி விட்டுக் குத்தாதீர்கள். துளை ஒரு நூல் பெரிதானாலும் மைலேஜ் போச்சு. ஸ்பிரேயும் காற்றும் போதும். எத்தனால் கலவையில் காற்று விகிதம் கூடுவதால் பிளக் கொஞ்சம் வெளுத்துக் காட்டும். அதற்காக மிக்சர் ஸ்குரூவைக் கண்டபடி திருப்ப வேண்டாம். புகைச் சோதனை மெஷின் வைத்து டியூன் செய்பவரிடம் விடுங்கள்.

வண்டி பல மாதம் நிற்கப் போகிறதென்றால் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள். பச்சைப் படிவமாகிவிடும்.

படி 7: நாம் தொடக் கூடாதவை

டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று எழுத்தில் இல்லாவிட்டால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் மாற்றிவிடுங்கள். பிரேக்கும் அப்படித்தான்: பின் டிரம்முக்குள் சிலிண்டர் கசிவு, ஹோஸ் வெடிப்பு ஆகியவற்றைப் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள், முதல் வருஷம் செய்யாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம் தூசியை வாயால் ஊதாமல் ஈரத் துணியால் துடையுங்கள். பிரேக் ஆயில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை டாட் 3.

டயரில் பள்ளம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். ஸ்டெப்னியையும் பாருங்கள். அநேகமாக அதுதான் வண்டியிலேயே மூத்தது.

படி 8: துரு

மிதியடியைத் தூக்கி, அடியில் இருக்கும் கார்பெட்டைக் கையால் அழுத்துங்கள். ஈரம் தெரிந்தால் தரைத் தகடு போய்க்கொண்டிருக்கிறது. அடுத்து பேட்டரித் தட்டு, சக்கர வளைவு, கதவின் அடி விளிம்பு. கதவுக்குள் இறங்கும் மழைத் தண்ணீர் வெளியேற அடியில் சின்னத் துளைகள் உண்டு. மண் அடைத்திருக்கும், ஒரு குச்சி போதும்.

மேல் துருவானால் கம்பிப் பிரஷால் பளபளப்பு வரும் வரை தேய்த்து, துரு மாற்றி (ரஸ்ட் கன்வெர்ட்டர்) தடவி, பிரைமர், பெயின்ட். துருவுக்கு மேலேயே அண்டர் கோட்டிங் அடித்துத் தருகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். ஈரம் உள்ளே சிக்கிக்கொண்டு, வெளியே தெரியாமல் அரிக்கும். திருப்புளி நுழைகிற அளவு போயிருந்தால் பட்டி வேண்டாம், டிங்கரிங் கடையில் தகடு வெட்டி வெல்டிங்.

படி 9: இப்போது மேம்பாடு

முதலில் எர்த். பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் ஒயர்களைக் கழற்றி, இரண்டு முனையையும் உப்புத்தாளால் தேய்த்து இறுக்குங்கள். சோதிக்க: மல்டிமீட்டரின் ஒரு முனை பேட்டரி மைனஸில், இன்னொன்று இன்ஜின் உலோகத்தில், ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். அரை வோல்ட் காட்டினாலே அந்த ஒயர் சரியில்லை. பல "செல்ஃப் மோட்டார் போச்சு" கதைகள் இந்த ஒயரோடு முடிந்துவிடும்.

அடுத்து ஹெட்லைட் ரிலே: சின்ன கரன்ட்டில் இயங்கி, பெரிய கரன்ட்டைத் திறந்துவிடும் சுவிட்ச். என் கணக்கில் இந்தக் காருக்கு இதைவிடப் பயனுள்ள மேம்பாடு இல்லை. பழைய அமைப்பில் பல்பின் கரன்ட் முழுவதும் டாஷ்போர்டு சுவிட்ச் வரை போய்த் திரும்புகிறது. 55 வாட் பல்ப் இரண்டுக்கு 9 ஆம்பியர் வரை. தேய்ந்த சுவிட்சிலும் மெல்லிய ஒயரிலும் இரண்டு வோல்ட் தொலைந்தால் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். லைட் எரிய, இன்ஜின் ஓட, பேட்டரியிலும் பல்ப் ஹோல்டரிலும் வோல்ட்டேஜ் பாருங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ரிலே போடுங்கள்.

ரிலேயில் 30 என்ற காலுக்கு பேட்டரி பிளஸிலிருந்து ஃப்யூஸ் வழியாக ஒயர், 87-லிருந்து பல்புக்கு, 86-க்குப் பழைய பல்ப் ஒயர், 85 எர்த். ஹை பீமுக்கு ஒன்று, லோ பீமுக்கு ஒன்று. ஃப்யூஸ் பேட்டரிக்கு ஒட்டியே இருக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: ஜப்பானிய வடிவமைப்பு வண்டிகள் சிலவற்றில் சுவிட்ச் எர்த் பக்கத்தை இணைக்கும். ஒயரை வெட்டும் முன் உங்கள் வண்டியில் எந்தப் பக்கம் என்று மீட்டரால் உறுதி செய்யுங்கள், அதற்கேற்ப இணைப்பு மாறும். பல்ப் அதே 60/55 வாட் ஹாலோஜன்தான். எதிரில் வருபவர் கண்ணைப் பிடுங்கும் எல்.இ.டி. வேண்டாம்.

இன்ஜினை மாற்றுவது, பாடியின் அமைப்பை மாற்றுவது போன்றவை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவில் வரும். அதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். 15 வருஷம் தாண்டிய சொந்த கார் என்றால் ஆர்.சி.யை 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு. தேதி முடியும்வரை காத்திருக்காமல் இரண்டு மாதம் முன்பே ஹாரன், வைப்பர், லைட், புகைச் சான்று எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துங்கள்.